கறுப்புத் திரை கேட்ட பாஸ்வேர்ட்

அக்கா போனில் அழவில்லை. அதுதான் தம்பிக்குப் பயமாக இருந்தது. "உன் மாமா கம்ப்யூட்டரைத் திறந்து குடுடா. அதுக்குள்ள அவர் குரல் இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அக்கா புருஷனான அந்த மாமா காய்கறி மண்டியில் ஏலம் கூவினவர். முப்பது வருஷம் கூவின தொண்டை. வீட்டில் உப்பு கேட்டால் நாலாவது வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வருவார், அப்படி ஒரு சத்தம். போயும் போயும் அந்தத் தொண்டையிலா கட்டி வந்து உட்காரணும்! குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு மாதம் நோட்டில் எழுதிக் காட்டியே குடும்பம் நடத்தினார். போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின மூன்று நாளும் மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தாராம். பக்கத்தில் மைக்காம். "எனக்குத்தான் ஏதோ பேசி வெச்சிருக்கார். கெடுக்கக் கூடாதேன்னு நான் எட்டிக்கூடப் பாக்கல," என்றாள் அக்கா. இத்தனை நாள் அந்த அறைப் பக்கம் போகத் தெம்பில்லை. நேற்று போய் ஆன் பண்ணினால் கறுப்பாக நிற்கிறது, ஏதோ கேட்கிறது.

தம்பி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். மாமாவின் பழைய மிஷினில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தான். அக்கா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். காதை இப்போதே தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம்.

சுவிட்சைப் போட்டான். எழுத்துகள் சரசரவென்று ஓடி, ஓர் இடத்தில் நின்றன. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. ஒன்றரை நிமிஷம் காத்திருந்தது. பிறகு 'சரி, கிடைக்கவில்லை' என்று கைவிட்டு, அவசர நிலைக்கு இறங்கியது. அந்த நிலையில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது, பாட்டு கிடையாது. பழுது பார்க்க வருகிறவனுக்குக் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ரூட் பாஸ்வேர்டைக் கொடு.

அந்த வரியை அவன் இரண்டு தடவை படித்தான்.

இந்த மிஷினுக்கு இரண்டு பாஸ்வேர்ட். ஒன்று தினம் புழங்குகிற மாமாவுக்கு. இன்னொன்று ரூட் பாஸ்வேர்ட், பழுது பார்க்கிறவனுக்கு. அதை இவன் மாமாவுக்குச் சொல்லவே இல்லை. "சொன்னா எதையாவது நோண்டி வெப்பீங்க," என்று கையிலேயே வைத்துக்கொண்டான். கம்ப்யூட்டர்காரங்களுக்கு இருக்கிற திமிர் இருக்கே! மாமாவும் "நம்ம வீட்டுப் பூட்டுக்கு மாப்ள கையில சாவி"ன்னு சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

ஆபரேஷன் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாமா போன் பண்ணினார். "மாப்ள, கம்ப்யூட்டர் கறுப்பா நின்னுக்கிட்டு பாஸ்வேர்ட் கேக்குதுடா." கல்லூரியில் அன்று தேர்வு, சர்வர் படுத்துவிட்டது, ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். "உங்க பாஸ்வேர்டையே போடுங்க மாமா, தெறந்துடும். இல்லேன்னா சனிக்கிழமை வந்து பாக்குறேன்," என்று சொல்லி வைத்துவிட்டான். எந்தப் பாஸ்வேர்ட் என்று யோசிக்கக்கூட இல்லை. யோசித்திருந்தால் பத்து செகண்டில் போனிலேயே சொல்லியிருக்கலாம்.

குரலே போகப்போகிறது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. தொண்டையில் சின்ன ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவனும் கேட்கவில்லையே. மைக் வாங்கித் தரச் சொன்னபோது, "என்ன மாமா, பாட்டுப் பாடப் போறீங்களா?" என்று கிண்டல் பண்ணினானே தவிர, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது விரல்கள் தானாக ரூட் பாஸ்வேர்டை அடித்தன. மிஷின் மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது.

எந்த டிஸ்க் கிடைக்கவில்லை என்று பார்த்தான். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கிற பேக்கப் டிஸ்க். இரண்டு வருஷத்துக்கு முன் அதை மாட்டிக் கொடுத்து, தொடங்கும்போதே அதைத் தேடு என்று ஒரு வரி எழுதினவன் இவனே. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே போ என்பதற்கு அந்த வரியில் ஒரு வார்த்தை சேர்க்கணும். சேர்க்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

டிஸ்க் எங்கே? மேஜை டிராயரை இழுத்தான். ஒயரை அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார் மாமா. மிஷினில் கீபோர்டும் மவுஸும் போக மிச்சமிருந்தது ஒரே ஒரு சொருகுமிடம். அதில் இருந்த டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு மைக்கைச் சொருகியிருக்கிறார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அணைத்துவிட்டு மறுநாள் போட்டபோது நின்றுவிட்டது.

"என்னடா, திறந்துடுச்சா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் இரு, அக்கா."

ஆபரேஷனுக்கு முந்தின நாட்களில் எப்போதெல்லாம் ஆன் பண்ணினார்கள் என்று மிஷினிடமே கேட்டான். அது எதையும் மறக்காத ஜென்மம், வரிசையாகக் கொட்டியது. செவ்வாய் பதினாறு தடவை. புதன் பதினொன்று. வியாழன் ஒன்பது. வெள்ளி விடிகாலை ஐந்து பத்துக்கு ஒரு தடவை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்ட பிறகும் ஒரு தடவை வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை நிமிஷம் காத்திருந்து, தன் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறார். மாப்ள சொன்னான் அல்லவா, தெறந்துடும் என்று.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், "கம்ப்யூட்டரைப் பாத்துடவா மாமா?" என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. மாமா நோட்டை வாங்கி எழுதினார்: 'விடு மாப்ள, இனிமே அவசரமில்ல.' அன்றைக்கு அது இவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தான். மிஷினைத் திரும்பத் தொடங்கினான். சமர்த்தாக ஏறியது. மாமாவின் பாஸ்வேர்ட் வீட்டு போன் நம்பர்தான், அக்கா சொன்னாள். உள்ளே 'அவளுக்கு' என்று ஒரு ஃபோல்டர். அதில் ஒரே ஒரு பதிவு. திங்கட்கிழமை மத்தியானம், பதினாலு செகண்ட்.

மீதியெல்லாம் டிஸ்க்கில் அழிந்து போச்சு என்று சொல்லிவிடலாம். அக்காவுக்கு என்ன தெரியும்? அப்படித்தான் முடிவு பண்ணினான். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து ஓடவிட்டான்.

"ஒரு தரம்..." மாமாதான். கம்மிப்போன குரல், ஆனாலும் மண்டியே திரும்பிப் பார்க்கிற குரல். "ரெண்டு தரம்... கேக்குதா? என்னடா இது, திரையில ஊசி ஆடுது, அப்ப கேக்குதுதான்." தூரத்தில் ஒரு பெண் குரல்: "சோறு ஆறிப் போகுது, வரப்போறீங்களா இல்லையா?" "இதோ வந்துட்டேம்மா! சரி, மீதி நாளைக்கு." டொக்.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. முகம் வெளுத்துப்போயிருந்தது. "நான் கூப்பிட்டதாலதான் எந்திரிச்சுட்டாரா? ஐயோ, பாவி நான்! ஒரு வேளைச் சோறு ஆறினா என்ன குடியா முழுகியிருக்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதை அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கையைப் பிடித்தான். "இல்லக்கா. நீ இல்ல. நான்தான்." எல்லாவற்றையும் சொன்னான். டிஸ்க், அந்த வரி, தான் பூட்டி வைத்துக்கொண்ட பாஸ்வேர்ட், செவ்வாய்க்கிழமை போன், முப்பத்தேழு தடவை. சொல்லி முடிக்கும்போது அவன்தான் அழுதுகொண்டிருந்தான்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். அடித்தாலும் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் ஒண்ணையே சொல்லிக்கிட்டு வந்தார்டா," என்றாள் கடைசியில். "சனிக்கிழமை மாப்ள வந்துடுவான், வந்தா சரியாயிடும்னு. எனக்கு என்ன புரிஞ்சுது, சும்மா வாங்கன்னுட்டேன். அதுதான் அவர் வாயால பேசின கடைசிப் பேச்சு."

அவன் திறந்து கிடந்த டிராயரைத் தள்ளி மூடினான்.

"உன்னைத் திட்டணும்டா. நல்லாத் திட்டணும். இன்னைக்கு என்னால முடியல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதைத் திரும்பப் போடு."

போட்டான்.

"ஒரு தரம்..." என்றார் மாமா.