பதினான்கு நிமிட நிறுத்தம்

புதிய ரயில் ஓடத் தொடங்கிய திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு வழவழப்பான துண்டறிக்கை இருந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘புதிய ரயில், புதிய வேகம்’. கீழே சின்ன எழுத்தில் புதிய நேரம். நகரத்துக்குப் போக முன்பு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். இனிமேல் ஒரு மணி ஐம்பத்தெட்டு.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று நினைத்து மூன்றாவது முறையும் படித்தாள்.

“பதினெட்டு நிமிஷம் கூட,” என்றார் எதிர் இருக்கைக்காரர். கேட்காதவர்களுக்கும் நேரம் சொல்வதால் அந்த வண்டியில் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். “வேகமாப் போற வண்டி வந்துடுச்சும்மா. அது போறதுக்குத் தண்டவாளம்தான் இன்னும் வரல.”

“அப்ப எதுக்கு சார் புது வண்டி?”

“மெதுவாப் போறதையாவது குளுகுளுன்னு போகலாம்ல?”

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கண் துண்டறிக்கையில் வேறொரு வரியில் நின்றிருந்தது. நடு நிலையத்தில் நிறுத்தம்: பதினான்கு நிமிடம்.

அந்தப் பாதை முழுவதும் ஒற்றைத் தண்டவாளம். நடு நிலையத்தில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து, நடைமேடையின் இரு பக்கமும் ஓடி, மறுபடி ஒன்றாகச் சேரும். நகரத்துக்குப் போகிற வண்டியும் நகரத்திலிருந்து வருகிற வண்டியும் அங்கேதான் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். பழைய வண்டிகள் ஆறு நிமிடம் நின்றன. அந்த ஆறு நிமிடம்தான், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, அவளுடைய இல்லற வாழ்க்கை.

அவள் நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். நாள் முழுவதும் ஈரத்தில் சுழலும் கல்லோடு வேலை; விரல் நுனிகள் வெடித்திருக்கும். அவளுடைய கணவனுக்கு அதே நகரத்தில் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் திரும்பி வரும்போது அவள் போவாள், அவள் திரும்பி வரும்போது அவன் போவான். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் விடுமுறைதான். ஆனால் அவன் அன்று முழுக்கத் தூங்குவான். தூங்குகிற மனிதனோடு என்ன பேச முடியும்?

இரண்டு வருடமாக நடு நிலையத்தில், நடைமேடையின் மத்தியில் இருந்த குடிதண்ணீர்க் குழாயடியில் சந்தித்தார்கள். அவன் அவளுக்கு உடைந்த ரொட்டி கொடுப்பான். அச்சில் சரியாக வராததை ஆட்களே எடுத்துக்கொள்ளலாம். அவள் அவனுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுப்பாள். கேஸ் தீர்ந்தது, மோட்டார் ஓடவில்லை, உங்கம்மா கூப்பிட்டாங்க. அதற்குள் கார்டு விசில் ஊதிவிடுவார். ஊதிவிட்டு, “ஏம்மா, மிச்சத்தச் சாயந்திரம் பேசிக்கலாம், ஏறு” என்பார். இருவரும் ஏறும் வரை கொடி காட்டமாட்டார்.

முக்கியமான எதையும் போனில் பேசுவதில்லை என்று அவர்களுக்குள் ஒரு சட்டம். முன்பு ஒருமுறை அவன் நீளமாக எழுதிய ஒரு செய்திக்கு அவள் ‘சரி’ என்று மட்டும் பதில் போட்டு, அந்தச் ‘சரி’யில் இருந்த குளிர் நாலு நாள் வீட்டில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து முடிவு எதுவானாலும் குழாயடியில்தான்.

அன்றைக்கு நடு நிலையத்தில் வண்டி நின்றபோது, கதவு திறக்கவில்லை. புதிய பெட்டிகளுக்கு நடைமேடை தாழ்வாக இருந்தது. அதனால் அதன் இரண்டு முனைகளை மட்டும் உயர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் முதல் பெட்டிக்கு மட்டும் கதவு திறக்குமாம். மத்தியில் வேலை பாக்கி. தகரம் அடைத்து, தோண்டிப் போட்டிருந்தார்கள். தகரத்துக்கு மேலே எதிர் வண்டியின் ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன, எல்லாம் கறுப்புக் கண்ணாடி. அதில் ஏதோ ஒன்றின் பின்னால் அவன். அவள் பதினான்கு நிமிடமும் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். அவற்றில் தெரிந்தது அவளுடைய வண்டிதான்.

மாலையிலும் அதே கதை. வண்டி கிளம்பியபோது போனில் செய்தி வந்தது. ‘பகல் ஷிப்ட்ல ஒரு இடம் காலி. வெள்ளி காலைக்குள்ள படிவம் குடுக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். நேர்ல பேசுவோம்.’

‘சரி’ என்று எழுதி, அழித்து, ‘நேர்ல பேசுவோம்’ என்று எழுதினாள்.

பகல் ஷிப்ட் என்றால் இருவருக்கும் ஒரே வண்டி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அதற்குப் பிறகு வீடு, இரவு, ஒரே மின்விசிறி. மற்றவர்கள் இதைக் கேட்டால் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். அவளுக்கு அந்த மின்விசிறிதான் உறுத்தியது. கல்யாணமான முதல் வருடம் இருவரும் பகல் வேலைதான் பார்த்தார்கள். மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதில் தொடங்கி, நனைந்த துண்டு, கழுவாத டம்ளர், அவன் அம்மா, அவளுடைய அக்கா என்று ஒரு நாள் பாக்கியில்லாமல் சண்டை. அவனுக்கு இரவு வேலை கிடைத்தபோது இருவருமே வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஆறு நிமிடத்தில் சண்டை போட நேரமில்லை. ஆறு நிமிடத்தில் யாரும் நல்லவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சாமர்த்தியமாக முதல் பெட்டியில் ஏறினாள். அவனும் சாமர்த்தியமாக முதல் பெட்டியில்தான் ஏறியிருந்தான். வண்டிகள் எதிரெதிராக வருகின்றன என்பதை இருவருமே யோசிக்கவில்லை. அவள் இறங்கிய இடத்துக்கும் அவன் இறங்கிய இடத்துக்கும் நடுவே முழு நடைமேடையும் அதன் தகரமும் இருந்தன. தூரத்தில் அவன் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு, விலாசம் தவறிய தபால்காரன் மாதிரி நின்றான்.

தகரத்தின் பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு பழைய கார்டு உட்கார்ந்திருந்தார். புதிய வண்டிக்குக் கார்டு கிடையாது, டிரைவரே எல்லாம். அவரைத் தகரத்துக்குக் காவல் போட்டிருந்தார்கள்.

“உள்ள போகக் கூடாதும்மா. குழி.”

“ஒரு நிமிஷம் சார். ஒரு விஷயம் பேசணும்.”

“என் வேலைக்கு உலை வச்சிடாதம்மா. இப்பவே என்னை வேலியோட வேலியா நட்டு வச்சிருக்காங்க.”

“விசிலையும் வாங்கிக்கிட்டாங்களா?”

“வாங்கல.” அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “ஊதக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வண்டிக்குள்ளயே ‘பீப்’னு ஒண்ணு வருதாம். வெளிய நிக்கிறவனுக்கு எதுக்குக் கேக்கணும்?”

புதன்கிழமை அவன் வண்டி தாமதம். அவன் வந்து சேர்ந்தபோது அவளுடைய வண்டிக் கதவு மூடிவிட்டது. மாலையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் மக்கர் பண்ணியதில் அவளே அடுத்த வண்டியைத்தான் பிடித்தாள். கடை அக்கா கேட்டாள், “ஏன்டி, போன்ல சொல்லித் தொலையேன்?” சொல்லலாம்தான். ஆனால் என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. குழாயடிக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

வியாழக்கிழமை காலை அவள் இறங்கியதும் பழைய கார்டு தகரத்தில் ஒரு பலகையை நகர்த்திப் பிடித்தார். “வேலையாளுங்க எட்டு மணிக்குத்தான் வருவாங்க. ஓரமாப் போ. குழியில விழுந்தீன்னா நான் உன்னைப் பார்க்கவே இல்ல.”

மறுமுனையிலும் ஒரு பலகையை நகர்த்தி வைத்திருந்தார்; அவன் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தான். குழாய் இன்னும் அங்கே இருந்தது, தண்ணீர் இல்லாமல், சுற்றிலும் தோண்டிய மண்ணோடு. அவன் புருவத்தில் மாவு. முன்கையில் தட்டு சுட்ட புதிய தழும்பு.

“சொல்லு,” என்றான்.

“நீங்கதானே சொல்லணும்?”

“பேக்கிங் பிரிவு. சம்பளம் கொஞ்சம் கம்மி. உன்கூடவே வந்துட்டு உன்கூடவே போகலாம். படிவம் பையிலயே இருக்கு. சாயந்திரம் குடுத்துட்டாப் போதும்.”

“உங்களுக்கு எப்படித் தோணுது?”

“உனக்கு எப்படித் தோணுது?”

“என்கிட்டயே திருப்பிக் கேட்டா?”

“வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லிடு. நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க.”

“கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால என் மூஞ்சி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“மெசேஜ்லயே தெரியுது.”

“சரின்னு கூட எழுதலையே நான்!”

“அதான் தெரியுது!”

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “நாலு மணி நேரம், தினமும் நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து என்ன பேசுவோம்? திரும்ப அந்த பேன்ல ஆரம்பிக்கணுமா?”

“பேன்ல ஆரம்பிச்சது நீ.”

“நானா? ஒண்ணுல வச்சா கொசு கடிக்குதும்ப, அஞ்சுல வச்சா குளிருதும்ப.” கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு ‘நீ’ வரும். “மூணுன்னு ஒண்ணு இருக்குறதே உனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது!”

“துண்டக் கட்டில் மேல போட்டா உலகமே அழிஞ்சிடும்னு கத்தினது யாரு?”

“நனைஞ்ச துண்டு!”

அவள் அடுத்ததற்கு வாயைத் திறந்தாள். திறந்தபடியே ஒரு கணம் நின்றாள். இந்த இடத்தில் விசில் வந்துவிடும். எப்போதும் வந்திருக்கிறது. இரண்டு வருடமாக எந்தச் சண்டையையும் அவர்கள் முடித்ததில்லை. முடிக்க வேண்டிய இடத்தில் விசில் வந்து, ‘சாயந்திரம் பேசிக்கலாம்’ என்று பிரிந்துபோவார்கள். அவனும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருப்பதை அவள் பார்த்தாள்.

விசில் வரவில்லை.

“என்ன இவ்வளவு நேரம்?” என்றான் அவன்.

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். தகரத்துக்கு மேலே, இந்தப் பக்கமும் வானம், அந்தப் பக்கமும் வானம். புதிய வண்டிகள் சத்தமே இல்லாமல் போய்விட்டிருந்தன.

பழைய கார்டு குழியோரமாக மெல்ல நடந்து வந்தார். “அடுத்தது ஒன்பது இருபதுக்கு, நகரத்துக்கு. தம்பிக்குப் பதினொண்ணரைக்கு.”

“சார், ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே!”

“கை பைக்குள்ள போச்சும்மா. விசிலை எடுத்துட்டேன்.” அவர் தரையைப் பார்த்தார். “அப்புறம் உத்தரவு ஞாபகம் வந்துச்சு.”  பலகையை நகர்த்தி இருவரையும் வெளியே விட்டு, தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

நடைமேடை முனையில் புத்தம் புதிய பெஞ்சு ஒன்று, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. உட்கார்ந்தார்கள். அவள் கடைக்குப் போன் செய்து, வண்டி போய்விட்டது என்றாள். “வண்டியிலதானே வந்துக்கிட்டிருந்த, அது எப்படிப் போகும்?” என்றாள் கடை அக்கா. விளக்குகிற தெம்பு அவளிடம் இல்லை.

பிறகு சண்டையைத் தொடர்ந்தார்கள். வேறு என்ன செய்வது? துண்டு, டம்ளர், அம்மா, அக்கா. ஒரு கல்யாணத்தில் அவன் சொன்ன ஒரு வார்த்தை. அவள் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை. சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. எட்டரை மணி வாக்கில் அவன், “அப்புறம்?” என்றான். அவள் யோசித்துப் பார்த்தாள். அப்புறம் ஒன்றுமில்லை. அவ்வளவுதான் இருந்தது. இதற்கா இரண்டு வருடம் விசிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

“இன்னும் ஏதாவது இருக்கா?” என்றாள்.

அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தான். தலை மெதுவாக நழுவி அவள் தோளில் இறங்கியது. கனமாக இருந்தது. பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து ஒற்றைக் கையால் தின்றாள். தின்றுகொண்டே கற்பனை செய்தாள். நீண்ட ரயில், ஊர்ந்து போகிறது. அவன் இப்படியே தூங்குகிறான். அவள் வெளியே பார்க்கிறாள். பேச ஒன்றும் இல்லை. பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. தோள் வலிக்கிறது. அது தாங்க முடியாத ஒன்றாகத் தோன்றவில்லை. மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. மின்விசிறியில் மூன்று மாதிரி.

ஒன்பது பத்துக்கு அவனை எழுப்பினாள்.

“விசில் வந்துடுச்சா?” என்று பதறி எழுந்தான்.

“வராது. படிவத்த எடுங்க.”

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பையைத் துழாவினான். மடித்து மடித்து நாலு நாளில் நைந்துபோன தாள். எல்லாம் நிரப்பியிருந்தது, கையெழுத்தைத் தவிர. பேனாவும் கூடவே செருகியிருந்தது.

“சண்டை வருமே?” என்றான்.

“வரும். முடிஞ்சும் போகும். போடுங்க.”

அவன் அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அந்த டப்பாவை அவனிடமே கொடுத்தாள். “சாப்பிட்டுட்டுப் படுங்க. மறந்து போய் படிவத்தோட தூங்கிடாதீங்க.”

வண்டி வந்தது. முதல் பெட்டிக் கதவு திறந்து, அவள் ஏறியதும் ‘பீப்’ என்று மூடியது. அவள் ஐந்தாவது ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தாள். வெளியே அவன் கறுப்புக் கண்ணாடிகளை வரிசையாகப் பார்த்து, கடைசியில் இரண்டாவது ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்துக் கையசைத்தான். அந்த ஜன்னலில் இருந்த பெரியவர் சற்றுக் குழம்பி, பிறகு மரியாதைக்காகப் பதிலுக்குக் கையசைத்தார்.

வண்டி நகர்ந்தது. கூடவே நடந்து வந்தாலும் பிடித்துவிடலாம் போன்ற வேகம். அவன் நடக்கவில்லை. பெஞ்சுக்குத் திரும்பி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினான். தகரத்தின் அருகில் ஆரஞ்சு சட்டைக்காரர் தன் நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், பதினொன்றரை வண்டிக்கு எழுப்பிவிட.