பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எழுதிய வரி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மாடிப்படியில். மடியில் சின்ன பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அங்கே எழுதிய முதல் வரி இது:

அத்தை ஊசிக்குப் பயப்படுகிறவள் இல்லை, ஊசிதான் அத்தைக்கு

(முடிக்கவில்லை. அத்தை தையல்காரி. அதை வைத்து வேடிக்கையாக ஏதோ எழுத நினைத்தேன்.)

பாட்டிலுக்குள் அத்தையின் மார்பிலிருந்து ஊசியால் எடுத்த சதை இருந்தது. நூல் துண்டு அளவுதான். எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் லேபுக்கு நேரே கொண்டுபோகும்படி நர்ஸ் சொன்னார். சதை கெடாமலிருக்க மருந்து ஊற்றுவது அங்கேதான். நான் தலையாட்டினேன். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

2

அத்தையைப் பற்றி. அழுகிற அத்தை ஒருத்தியை எழுதிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை, அடித்துவிட்டேன்.

வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லக் குரல் வராது. அதனால் பள்ளியை விட்டேன். ஏன் என்று கேட்காத ஒரே ஆள் அத்தை. அவள் அளவு எழுதிவைக்கும் நோட்டுகளின் பின்பக்கங்களில்தான் நான் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நான்கு வருடம் முன்பு மார்பில் ஒரு கட்டியை எடுத்தார்கள். அதன் செல்களில் ஹார்மோனைப் பிடித்து வளரும் ஒரு புரதம் இருந்ததால், அதை அடைக்கும் மாத்திரையைக் கொடுத்தார்கள். இந்த வருடம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டும், அதே மார்பில் இன்னொரு கட்டி. புதுக் கட்டியிலும் அந்தப் புரதம் இருக்கிறதா? மருத்துவர் கேட்பது இது ஒன்றுதான். இருந்தால் வேறு மாத்திரை போதும், அத்தை தையல் மெஷினில் உட்காரலாம். இல்லையென்றால் நரம்பில் ஏற்றும் கடுமையான மருந்து. மாதக்கணக்கில் படுக்கை.

3

புரதம் இல்லை என்று முடிவு வந்தது. கவுன்டரில் லேப் அக்கா மெதுவாகச் சொன்னார். மாலைக்குள் மருத்துவருக்கு அனுப்பிவிடுவாராம்.

(ஒரு வடிவத்தில் நான் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போகிறேன். சோகமாக, அழகாக வந்திருந்தது. கிழித்துப் போட்டேன்.)

நடந்தது வேறு. குரல் வரவில்லை, ஆகவே நோட்டைத் திறந்து நீட்டினேன். எழுத உட்காரும் நேரத்தையும் எழுந்திருக்கும் நேரத்தையும் குறித்துவைப்பது என் பழக்கம். பத்து நாற்பது. பன்னிரண்டே கால். நடுவில் அரை வரி.

“என்னம்மா இது, கதையா?”

“அன்னைக்கு பாட்டில் என் மடியில இருந்துச்சு,” என்றேன். “அவ்வளவு நேரமும்.”

லேப் அக்கா உள்ளே போனார். சற்று நேரத்தில் என்னையும் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அந்தப் புரதம் இருந்தால் சாயம் பழுப்பாகப் பிடிக்கும். கட்டி வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் வளையமாக ஒரு பால்குழாய். அதுவும் வெளிறித்தான் இருந்தது.

“இந்தக் குழாய்ல நோய் இல்ல. நல்ல குழாய்லயும் அந்தப் புரதம் இருக்கும், அதனால இது கொஞ்சமாவது பழுப்பாகியிருக்கணும். இதுவே ஆகலைன்னா சதை கெட்டுப்போச்சு, முடிவை நம்ப முடியாது. நானே இதைக் கவனிச்சிருக்கணும். மறுபடி எடுக்கச் சொல்றேன். அத்தைகிட்ட நீயே சொல்லிடு.”

4

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதிவைத்தேன். ஒன்றும் உதவவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடியே இருந்தாள்.

“ஒன்றரை மணி நேரம் என்னடி எழுதின?”

“ஒரு வரி.”

“அதுக்குள்ள நான் ஒரு பாவாடையே தச்சிருப்பேன்.” நோட்டை வாங்கிப் பார்த்தாள். “அதையும் முடிக்கல.”

கொஞ்ச நேரம் மெஷின் ஓடியது. பிறகு கையை நீட்டினாள். “பேனாவைக் குடு. பாட்டில் லேபுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்.”

5

இரண்டாம் முறையும் அத்தைக்கு ஊசி குத்தினார்கள். என் அரை வரிக்காக. பாட்டிலோடு ஓடினேன்.

நான்காம் நாள் லேப் அக்கா மறுபடி மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தார். முதலில் பால்குழாயைத் தேடினேன். பழுப்பு. பிறகு கட்டி. டீத்தூளைத் தூவிவிட்டதுபோல அங்கேயும் புள்ளி புள்ளியாகப் பழுப்பு. அன்று வீடுவரை நடந்தது நினைவில்லை. வாசலில் மெஷின் சத்தம் கேட்டு நின்றது நினைவிருக்கிறது.

(குறிப்பு: புரதம் இருந்தும் புது மாத்திரைக்கு மசியாத கட்டிகள் உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து ஸ்கேன்.)

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இரண்டு எழுதிப் பார்த்தேன். இப்போதெல்லாம் ஒளிக்காமல்தான் காட்டுகிறேன். அத்தை இரண்டையும் படித்துவிட்டு, “ரெண்டும் வேண்டாம். பின்னாடி பிரிச்சு விட மடிப்புல துணி விடுவோம்ல? அந்த மாதிரி இடம் விட்டு வை,” என்றாள்.

கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். முதல் வரியும் அப்படியேதான் கிடக்கிறது. முடிக்க ஆசையிருந்தால் நீங்கள் முடியுங்கள். கையில் வேறு எதுவும் இல்லையே என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.