வெறுந்தறைக்கு இறைத்த தண்ணீர்

“கொப்பர் உண்மையிலை உந்தத் தோட்டத்தை விடப்போறாரோ, பிள்ளை?”

கிணற்றுக் கட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு தில்லைநாதன் அருமைநாயகியிடம் அவள் தகப்பனைப் பற்றிக் கேட்டபோது, அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளி ஆட்களோடு வாய் திறப்பது அவளுக்கு மலையைப் புரட்டுவது போல. தாய்க்கு மூச்சிழுப்புத் தொய்வு கூடி, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆள் தேவைப்பட்டு, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அந்த மலை இன்னும் வளர்ந்திருந்தது.

“என்ன, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ?” என்று சிரித்துவிட்டு அவர் தன் மிளகாய்ப் பாத்திகளின் பக்கம் போனார்.

இந்த மனிதர் இதுவரை அவளைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டதில்லை. இன்றைக்கு ஏன் குரலில் இத்தனை பாகு? நாங்கள் தோட்டத்தை விட்டால் இவருக்கு என்ன வரும்? வாளியை இழுக்கவும் மறந்து அவள் அதையே நினைத்துக்கொண்டு நின்றாள்.

தோட்டம் தில்லைநாதனுடையது அல்ல. அவருடைய தமையன் முத்துக்குமாருவுடையது. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த காணிக்காரர்; இரண்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. முத்துக்குமாரு இடுப்பு நோவுக்காரர். அச்சுவேலிச் சந்தையில் புகையிலைக் கடை போட்டு இருந்துவிட்டார். தோட்டத்தை அருமைநாயகியின் தகப்பன் கனகரத்தினத்துக்கு மூன்று வருடக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். முதல் வருடப் புகையிலை வெட்டியாயிற்று. இப்போது தறை என்கிற அந்தத் தோட்ட நிலத்தில் வெறும் கட்டைகள்தான் நின்றன.

அந்த நேரம் பார்த்துத்தான் வன்னிக் காட்டில், விசுவமடுவில், கனகரத்தினத்துக்கு அரசாங்கக் காணி கிடைத்தது. காடு வெட்டி, மாரிக்கு முன்னம் ஒரு கொட்டிலாவது போட்டுக் குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காணி வேறொருவனுக்குப் போய்விடும் என்று கச்சேரி அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஆயுள் முழுக்க மற்றவன் மண்ணைக் கொத்திய மனிதர். தனக்கென்று ஒரு பனையின் நிழல்கூட இல்லாதவர்.

முத்துக்குமாருவிடம் போய், குத்தகையிலிருந்து விடச் சொல்லி அவர் கேட்ட விதத்திலும் பிழை சொல்ல முடியாது. இந்த வருடக் குத்தகையைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். வன்னியிலிருந்து வண்டியில் ஏற்றி வந்து தறையில் புதைத்துத் தாழ்த்திய இலைகுழையையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். தாழ்த்திய குழை அடுத்த போகத்துக்கும் பசளையாக நிற்கும். அதை எவனும் சும்மா விட்டுப் போகமாட்டான்.

“மூண்டு வருசமெண்டு வெத்திலை வைச்சுக் கதைச்சது. மூண்டு வருசம்தான்,” என்றார் முத்துக்குமாரு.

“நட்டம் எனக்குத்தானே அண்ணை?”

“நட்டம் ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை.”

வீட்டுக்கு வந்து கனகரத்தினம் சால்வையை உதறினார். “பழத்தை உரிச்சு வாயிலை வைக்கிறன், மனுசன் துப்பிறார்.”

“விட்டிட்டுப் போங்கோவன்,” என்றாள் மனைவி குணலட்சுமி, மூச்சை இழுத்துக்கொண்டு.

“சொல்லு முறிச்சவன் எண்ட பேரோடையோ? பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு.”

அருமைநாயகி அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனுக்கு வந்தது கோபம். அவளுக்கு வந்ததோ வேறு. எல்லாம் லாபமாக வருகிற இடத்தில் ஒரு வியாபாரி ஏன் வேண்டாம் என்கிறார்? கேட்கத் தேவையில்லாத தம்பி ஏன் கேட்கிறார்? இரண்டு கேள்வியும் பருப்புக்குள் கல்லுப்போல அவள் பல்லில் கடிபட்டுக்கொண்டே இருந்தன.

அடுத்த முறை நாளன்று, அடுப்புக்குப் புகையிலைக் கட்டை பிடுங்கி வரப் போனாள். முறை என்பது கிணற்றுப் பங்காளர் ஆளுக்கொரு நாளாகத் தண்ணீர் இறைக்கிற ஒழுங்கு. அன்று முத்துக்குமாருவின் பங்குக்கு முறை. பயிரில்லாத தோட்டத்துக்கு முறை வந்தென்ன, போயென்ன என்று கனகரத்தினம் இறைக்கிற மிசினைக்கூடக் கொண்டுவரவில்லை.

கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. கிளுவை வேலிக்குள்ளால் எட்டிப் பார்த்தாள். முத்துக்குமாரு கடைக்கு உடுக்கிற வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துப் பிடித்து, வாளியால் அள்ளி வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடி ஓடிப் போய் வெறும் பாத்தியில் விழுந்து, செம்மண்ணுக்குள் இறங்கிக் காணாமற் போனது. அவர் மறுபடியும் அள்ளினார். பாத்தியை அவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்கத் தம்பியின் காணியில்.

எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

“மாமா, வெறுந்தறைக்கு ஏன் இறைக்கிறியள்?”

அவர் திடுக்கிட்டார். பிறகு வாளியை வைத்தார். “நீ கதைப்பியோ?”

அவள் வாய்க்காலில் ஓடிய தண்ணீரைக் கையால் காட்டினாள்.

“தறைக்கில்லைப் பிள்ளை. அந்தா, மிளகாய்க்குள்ளை நிண்டு பாக்கிறான் ஒருத்தன், உவனுக்குத்தான் இறைக்கிறன். இதே கிணத்திலை, கொழும்புக்குப் போன கதிர்காமர் வீட்டுக்கு இருந்த மூண்டாம் பங்கு என்னமாதிரிப் போனது? முதல் ஒரு முறை இறைக்கேல்லை. ‘பாவம், தண்ணி கிடந்து என்ன செய்யிறது’ எண்டு உவன் மிசினை வைச்சான். பிறகு அடுத்த முறை. இப்ப அவை வந்து கேட்டால், ‘ஊரைக் கேட்டுப் பாருங்கோ, நான்தானே இறைக்கிறன்’ எண்டிறான். கொப்பர் போனால் என்ரை முறையும் உப்பிடித்தான் போகும். வேறை ஒரு குத்தகைக்காரனையும் உவன் உந்தக் கிணத்தடியிலை நிக்க விடமாட்டான். என்ரை இடுப்பு எத்தினை நாளைக்கு வாளி பிடிக்கும், சொல்லு.”

“உதை அப்புவிட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?”

“கூடப் பிறந்தவன் என்ரை தண்ணியைத் தின்னப் பாக்கிறான் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?”

அன்று சோற்றுக் கோப்பையை வைத்தபோதே அவள் தகப்பனிடம் சொன்னாள். கனகரத்தினம் பிசைந்த கையோடு இருந்தார். “அப்ப, ஆளுக்குக் காணி முக்கியமில்லை. முறைதான்.”

“ஓம் அப்பு. அம்மா இந்த நெஞ்சோடை காட்டுக்கு எப்பிடியும் உடனை வரேலாது. நானும் அம்மாவும் கிணத்தடிப் பக்கம் கொஞ்சம் வெங்காயம் வைச்சால், முறைக்கு முறை இறைக்கலாம்.”

“தில்லைநாதன் வந்து மிசினை வைச்சால் நீ கதைப்பியோ?”

அவள் அவருடைய கோப்பையில் இன்னோர் அகப்பை சோறு போட்டாள்.

மறுநாள் தகப்பனும் மகளும் சந்தைக்குப் போனார்கள். கனகரத்தினம் சுற்றி வளைக்கவில்லை. மூன்று வருடக் கட்டை அவிழ்த்துவிட்டு, போகத்துக்குப் போகம் குத்தகை வைப்போம் என்றார். ஒரு போகம் முடிய இரண்டு பேரும் கதைப்பது. விருப்பமென்றால் தொடர்வது, இல்லையென்றால் விடுவது. அதுவரை தாயும் மகளும் ஒரு முறையும் தவறாமல் இறைப்பது.

முத்துக்குமாரு புகையிலைச் சுருட்டை மணந்து பார்த்து ஒரு பக்கம் வைத்தார். “உவள் பிள்ளை நிக்கிறதோ? உவளின்ரை சத்தம் உவளுக்கே கேளாதே, கனகு.”

“உங்களோடை கதைச்சவள்தானே.”

“நான் கடிக்கமாட்டன். அவன் கடிப்பான்.” கொஞ்சம் யோசித்தார். “சரி. முதல் முறைக்கு நான் வந்து பாப்பன். முறை கைமாறினால் அந்த இடத்திலையே சொல்லிப்போடுவன், நீ விசுவமடுவை மறந்திட்டு மூண்டு வருசமும் நிக்க வேணும். பிறகு என்னட்டை அழக்கூடாது.”

“சொல்லாமல் விட்டால்?”

“சொல்லாமல் விட்டால் உன்ரை பாட்டுக்கு விசுவமடுவுக்குப் போ.”

கட்டையெல்லாம் பிடுங்கி, பாத்தி பிடித்து வெங்காயம் ஊன்றினார்கள். முறை வந்த காலையில் தாய்மாமன் இரவல் தந்த மிசினைக் கனகரத்தினம் கிணற்றடியில் இறக்கிவிட்டு, ஒப்பந்தப்படி ஒதுங்கி வரம்பில் போய் நின்றார். பொட்டடியில் முத்துக்குமாரு. தாயும் மகளும் கிணற்றடிக்குப் போனபோது, தில்லைநாதனின் குழாய் முன்னமே கிணற்றுக்குள் கிடந்தது.

“இவ்வளவு வெங்காயத்துக்கு ஒரு குடம் காணும், பிள்ளை,” என்றார் தில்லைநாதன். “என்ரை மிளகாய் வாடுது. மத்தியானம் மட்டும் நான் இறைக்கிறன், பிறகு நீ இறை. அயலெண்டால் விட்டுக்கொடுக்கத்தானே வேணும்?”

மிளகாய் உண்மையாகவே வாடித்தான் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அவளும் கதைக்கத் தேவையில்லை. தொண்டைக்குள் அந்த ஓம் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

“மாமா, இண்டைக்கு எங்கடை முறை.”

“ஆர் இல்லையெண்டது? மத்தியானம் மட்டும்தானே.”

“மத்தியானமும் எங்கடை முறைதான். குழாயை எடுங்கோ. நாளைக்கு உங்கடை முறை, நாளைக்கு நான் இஞ்சை வரமாட்டன்.”

“கொழுக்கட்டை கரைஞ்சுபோச்சுப்போல,” என்றார் தில்லைநாதன். குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்து இருமலாகிப் போனது. அவர் பொட்டுப் பக்கம் திரும்பினார். தமையன் நிற்பதைக் கண்டார். நிலத்தைப் பார்த்துக் காறித் துப்பினார். பிறகு குழாயை ஒவ்வொரு முழமாக இழுத்தெடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டு, “நாளைக்கு வரமாட்டனெண்டவள், ஞாபகம் வைச்சுக்கொள்,” என்று சொல்லியபடி மிளகாய்க்குள் இறங்கினார்.

அருமைநாயகி மிசினில் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றி இழுத்தாள். மிசின் இரைந்து பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்து வெங்காயப் பாத்திக்குள் திரும்பியது. கனகரத்தினம் வரம்பில் நின்று பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துக்குமாரு முதல் பாத்தி நிரம்பும் வரைக்கும் நின்றார். பிறகு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பொட்டுக்குள்ளால் குனிந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் போனார்.