மதிலில் வைத்துப் போட்ட கையெழுத்து

"திறக்குதில்லையப்பா," என்றாள் ரூபிகா.

மகனின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பாண் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் தனஞ்சயன் நிமிர்ந்தான். "எது?"

"என்ர கட்டுரை. அந்தச் சஞ்சிகையின்ர தளமே இல்லை."

சிரேஷ்ட விரிவுரையாளர் பதவிக்கான விண்ணப்பத்தை அன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலிலுள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் யாரும் திறந்து பார்க்கக்கூடிய இணைய முகவரி இருக்க வேண்டும். கையிலுள்ள கோப்பு செல்லாது. கொம்பனித்தெருவின் பழைய வீடுகளை விட்டு மாடிக் குடியிருப்புகளுக்குப் போன நூற்றிருபது குடும்பங்களைப் பற்றிய அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் விண்ணப்பமே இல்லை. சஞ்சிகையின் ஆசிரியர் கனடாவுக்குப் போனபின் தளத்தைக் கவனிக்க ஆளில்லை. இப்போது அங்கே ஒரு வெள்ளைப் பக்கம் மட்டும்.

"ஃபோம் மிஸ்ஸிட்டக் கேட்டால் என்ன?"

ரூபிகாவுக்கு முகம் சுருங்கிப் போனது. வெள்ளவத்தை ஆய்வு நூலகத்தில் வேலை செய்யும், எப்போதும் கையில் படிவத்தோடு திரியும் ஷபீகாவுக்கு அவள் வைத்த பட்டப்பெயர் அது. நான்கு வருடங்களுக்கு முன், கட்டுரையின் பிரதியை நூலகத்தில் பாதுகாக்க அனுமதி கேட்டு ஷபீகா நாலு தரம் போன் எடுத்தாள். ஐந்தாம் தரம் படிவத்தோடு வீட்டுக் கேற்றடிக்கே வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை அழ, ரூபிகா படிவத்தை மதிலில் வைத்து, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

"நீங்களும் வாங்கோ தனா. தனியப் போக வெக்கமா இருக்கு."

நூலகம் திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள்.

"வாங்க மிஸ், இரிங்க. மகன் எப்பிடி?" என்றாள் ஷபீகா.

"முதலாம் ஆண்டு படிக்கிறார்," என்று தொடங்கிய ரூபிகா, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஷபீகா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். சில நொடிகளில் கட்டுரை திரையில் விரிந்தது. "எங்கட பிரதி. வருஷா வருஷம் நாங்க திறந்து, பழுதாகாம இருக்கான்னு பாக்கிற. ஒரே இடத்தில வெச்சா ஆபத்துதானே, அதால இன்னொண்டு கொட்டாஞ்சேனைல, இன்னொண்டு கண்டியில."

"இதை எல்லாரும் பாக்கிற மாதிரித் திறந்துவிடலாமோ?"

ஷபீகா அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். "சஞ்சிகை நிண்டுபோனா திறக்கலாம்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுத் தந்தீங்க?"

மதிலின் சொரசொரப்பில் மூன்று இடத்தில் அறுந்திருந்தது கையெழுத்து.

"நான் இதை வாசிக்கவே இல்லை மிஸ்," என்றாள் ரூபிகா.

"தெரியும். ஒருத்தரும் வாசிக்கிறல்ல."

ரூபிகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் அண்டைக்கு அஞ்சாம் தரம் வராமல் விட்டிருந்தால்..."

பத்து நிமிடத்தில் புதிய முகவரி தயாரானது. சரிபார்க்கத் தன் போனில் அதைத் திறந்த தனஞ்சயன் கடைசிப் பக்கம்வரை போய், அப்படியே நின்றுவிட்டான்.

"என்னப்பா, பிழையோ?"

அவன் போனை நீட்டினான். 'சனிக்கிழமைகளில் என்னைக் கொம்பனித்தெருவில் இறக்கிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் காத்திருந்த என் கணவருக்கு நன்றி. அவர் காத்திராத ஒரு பக்கமும் இதில் இல்லை.'

"இதை எப்ப எழுதினீர்?"

"நாலு வருஷமா இருக்கு. நீங்கள்தான் வாசிக்கேல்லை."

"தலைப்பைப் பாத்திட்டு, எனக்கு விளங்காது எண்டு விட்டிட்டன் ரூபி."

"நான் நாலு தரம் வாசிச்சிட்டேன்," என்றாள் ஷபீகா. "கடைசிப் பக்கம் வரைக்கும் பாக்கணும்தானே."

விண்ணப்பம் பதினொரு மணிக்கே போய்ச் சேர்ந்தது. எழுந்த ரூபிகா மறுபடி உட்கார்ந்தாள்.

"மிஸ், வெறும் படிவம் கொஞ்சம் தருவீங்களோ? எங்கட பல்கலைக்கழகப் பிரிவில ஆறு பேர் இன்னும் அனுமதி தரேல்லை. நான் கையெழுத்து வாங்கித் தாறன்."

"சரிதான், இனி எங்கட வீட்டிலயும் ஒரு ஃபோம் மிஸ்," என்று வாய்தவறிச் சொன்ன தனஞ்சயன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஷபீகா வாய்விட்டுச் சிரித்தாள். படிவங்களை எண்ணி, அடியில் வைத்தெழுத ஒரு மட்டையையும் சேர்த்து நீட்டினாள்.

"மதில்ல வெச்சு வாங்கிராதீங்க மிஸ்."