அப்பா, பஸ், தண்ணீர்

புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் கீழ் அறையில் அன்று மாலை இருந்தவர்களும் அவரவர் உட்கார்ந்த இடமும்: ஊர்த் தலைவர் தருமலிங்கம், சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் தரையில் இளவழகன். அவனோடு ஒரே படகில் பங்கு வைத்துத் தொழில் செய்யும் குப்பனும் வினோத்தும் எதிர்ச் சுவரோரம். குப்பன் சம்மணம் போட்டு, வினோத் சுவரில் சாய்ந்து. தூணுக்கு இந்தப் பக்கம் இளவழகனின் மனைவி காந்தா, மடியில் மகள் ஹேமாவதி. வினோத் காந்தாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. வழக்கமாக அக்கா பக்கத்தில் உட்காருகிறவன் அன்று உட்காரவில்லை. இறால் ஏஜென்டிடம் எடை போடும் கோதண்டம் உள்ளேயே வரவில்லை. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். நான் கதவருகே பெஞ்சில், அட்டையும் தாளுமாக. ஊர் சார்பாக வெளியே போகிற கடிதங்களை எழுதுவது நான்தான்.

எல்லோருக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஹேமாவின் டேப்பை வைத்திருந்தார்கள். பிடிபட்ட பொருளை வைப்பது மாதிரி.

ஹேமாவுக்கு எட்டு வயது. காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும். வாய்தான் பேச்சுக்கு ஒத்துழைக்காது. பொன்னேரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து அர்ச்சனா டீச்சர் வந்து, டேப் என்று நாங்கள் சொல்லும் இந்த டேப்லெட்டைக் கொடுத்தார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். ஒன்றைத் தொட்டால் அந்தச் சொல் சத்தமாகக் கேட்கும். முதலில் அதில் இருந்தது யாரோ ஒரு பெரிய பொம்பளையின் குரல். ஹேமா அதைக் கேட்டதும் டேப்பைத் தள்ளிவிட்டாள். டீச்சர் விடவில்லை. சிறுமியான என் மகள் நிவேதாவை உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லையும் அவள் குரலில் பதிந்து ஏற்றினார். அதற்குப் பிறகுதான் ஹேமா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

போகும்போது டீச்சர் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் நீங்கள் புழங்குகிற சொற்களை எழுதி அனுப்புங்கள், என்ன சாப்பிடுவீர்கள், எங்கே போவீர்கள், எந்தச் சாமானை எப்படிக் கூப்பிடுவீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறேன் என்றார். தருமலிங்கம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நாம எங்க போறோம் வர்றோம்னு இவங்களுக்கு இன்னாத்துக்கு? ஏரிக்கரைல எடத்த அளந்து கல்லு நட வந்தவங்களும் மொதல்ல இதத்தான் கேட்டாங்க" என்றார். காந்தா தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். அது அப்படியே இருந்தது.

இப்போது ஊர் கூடியதற்குக் காரணம் வேறு. மழைக்குப் பின், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்ததும், பொது நீரில் ஒரு மடுவில் வெள்ளை இறால் திரள்வதை இளவழகன் கண்டுபிடித்தான். எங்கள் தொழிலில் இப்படி ஒரு இடத்துக்குப் பட்டா கிடையாது. கண்டவன் வாயை மூடியிருக்கும்வரைதான் அவனுக்கு. படகில் போன மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் ஒரு விடியலில் இவர்கள் போனபோது பக்கத்துக் குப்பத்துப் படகுகள் மடுவைச் சுற்றி வலை இறக்கிக்கொண்டிருந்தன. விசாரித்ததில் சேதி போனது கோதண்டம் வழியாக என்று தெரிந்தது. கோதண்டத்தைக் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்? உங்க வூட்டுப் பொட்டிதான் சொல்லிச்சி" என்றான்.

ஹேமா தினமும் காலையில் அம்மாவோடு எடை போடுகிற இடத்துக்குப் போகிறவள். கழுத்தில் டேப் தொங்கும்.

"அதுல கேமரா கீது, மைக் கீது" என்றான் குப்பன். "வூட்ல நாம பேசறத உறிஞ்சி வச்சிகினு வெளில கக்குது. நா அன்னிக்கே சொன்னேன். சும்மா எவன் குடுப்பான் இந்தக் காலத்துல?"

"சிம் இல்லண்ணா அதுல. அந்த ஒரு ஆப்ப வுட்டு வேற எதுவும் தொறக்காது, டீச்சர் பூட்டிட்டுத்தான் போனாங்க" என்றாள் காந்தா.

"பூட்டினவளுக்குத் தொறக்கத் தெரியாதா?"

தருமலிங்கம் கையைத் தூக்கினார். "பேச்சு வளர வேணாம். மனோரமா, எழுது. கருவிய திருப்பி அனுப்பறோம். போன்ல சொன்னா நாளிக்கி வாங்கலன்னுடுவாங்க. எழுத்துல போவட்டும்."

ஹேமா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து எடுக்கப் போகாமல் காந்தா இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

நான் தேதி போட்டேன். பெறுநர் எழுதினேன். 'பொருள்: கருவியைத் திருப்பி ஒப்படைத்தல்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அடுத்து வரவேண்டியது காரணம். காரணம் எழுதாமல் ஒரு பொருளைத் திருப்பினால் நாம் உடைத்துவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள்.

"கோதண்டம், டேப் இன்னா சொல்லிச்சி? அந்த வார்த்தைய அப்படியே சொல்லு. எழுதணும்" என்றேன்.

"எல்லாந்தான் சொல்லிச்சி."

"எல்லாம்னு எழுத முடியாதுப்பா."

அவன் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தான். "முகத்துவாரம்னு சொல்லிச்சி. மடுனு சொல்லிச்சி. எறா நெறைய, நைனா புடிச்சிதுன்னு சொல்லிச்சி. போதுமா?"

எழுதிக்கொண்டேன். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கி டேப் முன்னால் உட்கார்ந்தேன். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று பார்க்காமல் கையெழுத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பாருடா" என்றான் குப்பன். "அதுல பேசறது இவ பொண்ணு கொரலு. இவ நேரா எழுதிடுவாளா?"

"அப்ப நீயே வந்து பாருண்ணா. பக்கத்துல உக்காரு."

வந்தான். தருமலிங்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகத் தொட்டேன். நிவேதாவின் குரல் அறைக்குள் ஒவ்வொன்றாகச் சொன்னது. அம்மா. அப்பா. டீச்சர். வேண்டும். வேண்டாம். இன்னும். போதும். பசி. வலி. சாதம், தோசை, ஆப்பிள், பால், தண்ணீர். அடுத்த பக்கத்தில் வீடு, பள்ளி, பூங்கா, கடை, பஸ், கார். கழிப்பறை. பொம்மை, பந்து, ஊஞ்சல். நாய், பூனை, யானை, சிங்கம். கடைசிப் பக்கத்தில் நிறங்கள், வணக்கம், நன்றி.

அதோடு முடிந்தது. நான் திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். குப்பன் என் கையைத் தட்டிவிட்டு அவனே பார்த்தான்.

இறால் இல்லை. மீனே இல்லை. வலை, படகு, ஏரி, கடல், காற்று எதுவும் இல்லை. நாங்கள் எழுதி அனுப்பாத தாளில் இருந்திருக்க வேண்டிய சொற்கள் அவை. டவுன் பிள்ளைக்கு வேண்டியது அத்தனையும் இருந்தது. சிங்கம்கூட இருந்தது.

"நண்டுகூடவா இல்ல?" என்றார் தருமலிங்கம்.

"இல்ல."

"எங்கனா ஒளிச்சி வச்சிருப்பாங்க" என்றான் கோதண்டம் வாசலிலிருந்து. "சேத்து வச்சி சொல்லும். அந்தப் புள்ள உஷாரு."

அது எனக்கும் உறைத்தது. இருக்கிற சொற்களைச் சேர்த்துச் சொல்ல ஹேமாவுக்குத் தெரியும். தலை வலிக்கிறதென்றால் வலியைத் தொட்டுத் தலையில் கை வைப்பாள். டேப்பை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதைத் தொட்டதும் அவள் தோள் தளர்ந்தது.

தருமலிங்கம் குனிந்தார். "ஏம்மா ஹேமா, உங்க நைனா எறா புடிக்கப் போவுதே, எங்க போவுது? சொல்லு."

ஹேமா பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். முன்னே போனாள், பின்னே வந்தாள். நெற்றி சுருங்கியது. இளவழகனின் படத்தைத் தொட்டாள்.

"அப்பா" என்றது என் மகளின் குரல்.

மறுபடி தேடினாள். வேறு வழியில்லாமல் ஒன்றில் விரலை வைத்தாள்.

"பஸ்."

பிறகு, "தண்ணீர்."

குப்பன்தான் முதலில் சிரித்தான். "அடேய் எளவழகா, பஸ்ஸுல போய்ட்டா வலை போடற? கண்டக்டரு யாரு, நானா?"

தருமலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து ஹேமாவுக்கு உற்சாகம் வந்து மறுபடி "பஸ், பஸ்" என்று அழுத்தினாள். இளவழகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் படகில் போகிறவன் என்று மகளுக்குத் தெரியும், சொல்லத்தான் வழி இல்லை என்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். சிரிக்காத இன்னொருவன் வினோத். அவன் போனை எடுத்துத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு அடங்கியதும் குப்பன் வாசல் பக்கம் திரும்பினான். "இன்னாடா கோதண்டம், பொட்டி சொல்லிச்சின்ன. அதுக்கு எறான்னே சொல்லத் தெர்ல. அப்ப வாய் கீற எவனோதான் சொல்லிக்கீறான். படகுல இருந்தது மூணு வாய்."

கோதண்டம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். "அன்னிக்கி கூட்டத்துல எது காதுல வுழுந்துச்சோ. எனக்கு ஞாபகம் இல்ல" என்றான். சொல்லும்போது குப்பனைப் பார்க்கவில்லை, இளவழகனைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை வினோத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அதை நான் பார்த்தேன். காந்தாவும் பார்த்தாள்.

வினோத் எழுந்தான். "யக்கா, வுடு. எதுக்கு இந்தப் பேஜாரு? பொட்டி இருந்தா நாளிக்கி வேற ஒரு வம்பு வரும். அனுப்பிட்டா முடிஞ்சிது. ஹேமாவுக்கு நா வேற நல்லதா வாங்கித் தரேன்."

"உக்காருடா" என்றாள் காந்தா. குரல் உயரவில்லை. "பொட்டி வர்றதுக்கு முந்தி இவ கை நீட்டிக் காமிப்பா. எட்டு வருசமா கை கீது. அந்தக் கை எதையாச்சும் காட்டிக் குடுத்துடும்னு யாராச்சும் அதப் புடிச்சி வச்சாங்களா? சத்தம் வந்ததும் ஒனக்கு பயம் வந்துச்சி. ஏன் வந்துச்சின்னு நா இன்னிக்கி கேக்கல. கேப்பேன்."

வினோத் உட்கார்ந்தான். குப்பன் சுவரோரம் தன் இடத்துக்குத் திரும்பி, அவனிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான்.

நான் தாளை மாற்றினேன். புதிய தாளில் தேதியும் பெறுநரும் எழுதிவிட்டுத் தலைவரைப் பார்த்தேன். 'பொருள்' என்று எழுதுமிடம் காலியாக இருந்தது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. புள்ளைகிட்டயே இருக்கட்டும். அந்த டீச்சரு கேட்ட வார்த்தைய எழுதி அனுப்பு. படகு, வலை, மீனு, எல்லாம் எழுது. ஆனா எடத்துப் பேரு மட்டும் வேணாம். மடு, முகத்துவாரம், அது எதுவும் அதுல ஏறக்கூடாது. இன்னிக்கி சொல்லல, நாளிக்கி சொல்லும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இளவழகன் கூட்டம் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் பேசினான். "அதையும் எழுதுக்கா."

"டேய், ஒன் தொழிலுக்குத்தான்டா சொல்றேன்."

"தெரியுது மாமா. எம் பொண்ணு நாளிக்கி எடை போடற எடத்துல நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டாலும் சொல்லிடுவா. சொல்லாம இருக்கவும் அவ கத்துக்கணும். சொல்றதுக்கு இருந்தாத்தான சொல்லாம இருக்க முடியும்?"

தருமலிங்கம் நாற்காலியைத் திரும்பச் சன்னலோரம் இழுத்துப் போட்டார். பிறகு, "எழுது" என்றார். "பின்னால எங்கிட்ட வரக்கூடாது."

'பொருள்: ஹேமாவதியின் கருவியில் சொற்கள் சேர்க்க வேண்டுதல்' என்று எழுதினேன். அவர்கள் சொல்லச் சொல்ல வரிசையாக எழுதினேன். படகு. வலை. ஏரி. முகத்துவாரம். மடு. இறால், நண்டு, மடவை மீன். 'அப்பா' என்ற கட்டத்தை 'நைனா' என்று மாற்ற வேண்டும். குப்பன், "என் பேரும் போடு, என் போட்டோவ நல்லதா அனுப்பறேன்" என்றான். மாமா என்ற சொல் வந்தபோது யார் படம் என்று கேட்டேன். காந்தா, "வினோத்துதான். வேற யாரு கீறாங்க அவளுக்கு?" என்றாள். வினோத் தலையைத் தூக்கவில்லை.

முடிக்கப் போகும்போது காந்தா, "இன்னொண்ணு" என்றாள்.

"சொல்லு."

"'நா சொல்லல'. அது ஒரு கட்டம் வேணும். பெருசா, மொதப் பக்கத்துலயே. இன்னிக்கி இவளுக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான்."

அதைக் கடைசியில் எழுதி, மிக அவசியம் என்று அடைப்புக்குள் சேர்த்தேன். தருமலிங்கம் கையெழுத்துப் போட்டார். நான் எல்லோருக்கும் கேட்க ஒருமுறை படித்துக் காட்டி, கவரில் வைத்து ஒட்டினேன்.

"நா காலைல பொன்னேரிதான் போறேன்" என்றான் வினோத். "கையிலயே குடுத்துர்றேன்."

"வேணாம்" என்றாள் காந்தா. "தபால்ல போவட்டும்."

மறுநாள் காலை காந்தா எடை போடப் போகவில்லை. ஹேமாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மூவரும் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். ரோட்டில் வண்டி வந்து நின்றதும் ஹேமா கழுத்திலிருந்த டேப்பைத் தூக்கி "பஸ்" என்று அழுத்தினாள்.

"இது பஸ்ஸுதான்டி" என்றாள் காந்தா.

தபால் நிலையத்தில் காந்தா கவரை என் கையிலிருந்து வாங்கி, ஒட்டிய ஓரத்தைக் கட்டை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேய்த்துப் பார்த்தாள். ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தோம். உள்ளே இருந்தவர் எடை வைத்தார், சீட்டு ஒட்டினார், ரசீதைத் தள்ளினார், கவரைப் பின்னால் இருந்த பையில் போட்டார். நான் ரசீதைப் பர்சில் வைத்துக்கொண்டு திரும்பினேன். காந்தா வரவில்லை.

"அந்தப் பைய எப்ப கட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"தபால் வண்டி வர்ற நேரத்துக்கும்மா."

அவள் ஹேமாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டி வந்து, பையைக் கட்டி வாயில் முத்திரை போடுகிறவரை அந்தக் கவுண்டரிலேயே நின்றாள்.