நாலு மணி முறை

ஞானசெல்விக்குப் பட்டப்பகலில் கனவு காணும் குணம் உண்டு. பழனிசெட்டிபட்டி வீட்டு மாடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டு, வெயிலில் மிதக்கும் மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். செவ்வாய்க்கிழமை அந்தச் சுகத்தைக் கெடுத்தது ஒரு ஃபோன். கம்பத்துப் பக்கம் வாய்க்கால் சங்கத்தில் மடை திறக்கும் சுருளியாண்டி பேசினார்.

"பாப்பா, பஞ்சம்மாவுக்குத் தண்ணி முறை நாளைக்குத்தான? சங்கத்துத் தாள்ல புதன்னு இருக்கு. அவுக ஃபோன்ல செவ்வாய்ன்னு காட்டிருக்கு. விடியக்காலம் வந்து நின்னு, வேற ஆளு வயல்ல தண்ணி பாயுறதப் பாத்துட்டுப் பேசாமத் திரும்பிட்டாக. இனி மடைப்பக்கமே வரமாட்டேன்னு சொல்லிவிட்டாக."

சங்கத்து விவசாயிகளுக்கு ஃபோனில் தண்ணீர் முறையைக் காட்டும் ஆப்பை எழுதியவள் ஞானசெல்விதான். முறை தவறினால் அடுத்த தண்ணீர் எட்டு நாள் கழித்து. பஞ்சம்மாளின் நாற்று அதுவரை தாங்காது. போதாக்குறைக்கு, போன மாதக் கூட்டத்தில் பஞ்சம்மாள் சங்கத்து ஆட்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். ஆகாதவருக்கு மடையை அடைப்பது அங்கே பழைய பழக்கம்; தனக்கும் அதுதான் நடந்தது என்று நினைத்திருப்பார்.

சர்வர் ஃபோனுக்கு அனுப்பிய ஜேசன் தரவைப் பிரித்துப் பார்த்தாள். புதன் அதிகாலை நாலு மணி, அதில் செவ்வாய் இரவு பத்தரையாக இருந்தது. ஆப்புக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க் எந்த நேரத்தையும் உலகப் பொது நேரமாக்கித்தான் எழுதும், நமக்கு ஐந்தரை மணி பின்னால். ஃபோன் அதிலிருந்து தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் முறை ஆறு மணிக்குத் தொடங்கியதால் தேதி மாறவில்லை. வெயிலுக்குப் பயந்து நாலு மணியாக்கியது இந்த வாரந்தான்.

கண் மறுபடி மலைப்பக்கம் போனது. இந்தப் பள்ளத்தாக்கில் விடிகிற பொழுது கிளம்பி, கடல் தாண்டி, நேற்றைக்குள் போய் இறங்குகிறது. அங்கே யாரோ விளக்கேற்றி அதை வரவேற்கிறார்கள். நினைக்க அழகாகத்தான் இருந்தது. பஞ்சம்மாளின் நாற்று ஞாபகம் வர, தன்மேலேயே எரிச்சல் பொங்கியது.

நேரத்தை இந்தியக் கணக்கிலேயே எழுதும் என்கோடர் ஒன்றைத் தானே எழுதி, ஃபிரேம்வொர்க்கில் மாட்டினாள். தேதி புதன் என்று வந்தது. உடனே பஞ்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, தப்பு என்னோடது. உங்க முறை நாளைக்குத்தான். யாரும் உங்க மடைய அடைக்கல."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை.

"நெசமாவா ஆத்தா? என்னைய யாரும் ஒதுக்கலையா?" பஞ்சம்மாளின் குரல் உடைந்தது. "காலையில இருந்து ஒருவாய் சோறு எறங்கல. நாத்து போனாப் போகுது, ஊரே வேணாம்னுருச்சேன்னு கெடந்தேன்."

ஞானசெல்விக்கும் அழுகை வந்துவிட்டது.

"நாலு மணிக்குப் போயிருங்க பெரியம்மா."

"மூணுக்கே போயி நிப்பேன்," என்றார் பஞ்சம்மாள்.