வரிசையில் நின்ற போத்தல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இரக்கத்தில் பிறந்ததல்ல. தொண்ணூற்றிரண்டில், யுத்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் ஒரு மருந்துச்சாலை வாசல் வரிசையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் ஒன்று ஆளில்லாமல் நிற்பதைக் கண்டு சிரித்தேன். (சிரித்ததும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன். எழுத்தாளன் அல்லவா.)

முதல் தொடக்கம்: "வேதனைக் கடலில் ஒரு சின்னஞ்சிறு..."

அடித்துவிட்டேன். போத்தலுக்குச் சொந்தக்காரி தவமலருக்கு எட்டு வயது, வாதத்தில் வீங்கிய முழங்கால்கள். கடலெல்லாம் கிடையாது.

2

தாய் பாலேஸ்வரி உரும்பிராயிலிருந்து அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டி வந்தாள். பிள்ளையைப் பார்க்காமல் மருந்து தரமாட்டார்கள். நின்றாலோ பிள்ளைக்கு நோவில் உயிர் போகும். மண்ணெண்ணெய்க்கு நிற்கும் நாட்களில் ஊரே செய்வதை அவள் இங்கும் செய்தாள். கழுத்தில் கயிறு கட்டிய போத்தலை வரிசையில் வைத்துவிட்டு, மகளை வேப்பமரத்தடியில் இருத்தினாள். மற்றவர்களும் குடை, செருப்பு, பை என்று வைத்துவிட்டு நிழலுக்கு வந்தார்கள்.

றோட்டால் போனவர்கள் போத்தலைக் கண்டு, மண்ணெண்ணெய் வந்துவிட்டதென்று வீட்டுக்கு ஓடித் தங்கள் போத்தல்களோடு திரும்பினார்கள். அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பும் வேலையைத் தவமலர் எடுத்துக்கொண்டாள். [அழவேண்டிய பாத்திரம் அதிகாரம் செய்கிறது. என் திட்டம் இதுவல்ல.] வரிசை நகரும்போதெல்லாம் மரத்தடியிலிருந்தே ஏவினாள்:

"மாமா, உங்கடை குடை பிந்தி நிக்குது. தள்ளி வையுங்கோ."

அந்த நேரம் அவள் நோவை மறந்திருந்தாள். பாலேஸ்வரி தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். நானும் என்னுடையதை.

3

அந்த மெச்சலில் இருவரும் ஒன்றை மறந்துவிட்டோம். நெடுநேரம் அசையாமல் இருந்தால் அந்த மூட்டுகள் இறுகிவிடும்.

போத்தல் வாசலுக்கு வந்துவிட்டது. பூட்டும் நேரம், இன்னும் ஒருவரைத்தான் பார்ப்பார்களாம். கூப்பிட்டும் வராதவர் நாளைக்குத்தான், பின்னால் நிற்பவர் உள்ளே போகலாம். பாலேஸ்வரி மகளைத் தூக்கப் போனாள்.

"தூக்காதேங்கோ அம்மா, தூக்கினா இன்னும் நோகும். மெல்ல வாறன்."

முடிவு (அ): டாக்குத்தர் கதிரையை விட்டு எழுந்து மரத்தடிக்கே வருகிறார். நானே நம்பவில்லை.

முடிவு (ஆ): கதவைப் பூட்டி... எழுதக் கை வரவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே (இ). அவளுடைய போத்தலுக்குப் பின்னால் இருக்கும் செருப்பு உங்களுடையது. நீங்களும் விடிந்ததிலிருந்து காத்திருக்கிறீர்கள். உங்களுக்கும் ஏதோ ஒரு நோ. அவள் மரத்தைப் பிடித்து ஒரு காலை ஊன்றிவிட்டாள். மற்றது இன்னும் நிமிரவில்லை. உள்ளேயிருந்து மறுபடியும் கூப்பிடுகிறார்கள்.

தவமலர் உங்களைப் பார்த்துச் சொல்கிறாள்:

"செருப்பைத் தள்ளாதேங்கோ. நான் வாறன்."